சவுக்கு பூக்கும் மாசியில் தாய்வீட்டுக்கு ஒரு வழி

இந்த முறை போட்டோ இல்லை, மன்னித்துக்கொள்ளுங்கள். போனது பூம்புகார்ப் பக்கம்தான், ஆனால் கடலில் கால் நனைக்கவில்லை, கோயில் எதிலும் நுழையவில்லை. நாள் முழுக்கப் பார்த்ததெல்லாம் சவுக்கு மரங்களையும் ஒரு ஜன்னலையும்தான். வீட்டில் வீசிங் உள்ளவர்கள் யாராவது இருந்து, அவர்களைக் கூட்டிக்கொண்டு டெல்டாவின் கடலோரத்துக்குப் போக நினைப்பவர்களுக்காகவே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் வழியையும் டிபன் விலையையும் மட்டும் படித்துவிட்டு நகர்ந்துவிடலாம், நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

போனது மாசி மாதம், இரண்டாவது ஞாயிறு. காரணம் என் மனைவி கயல். அவளுக்கு அப்போது ஏழு மாதம் முடியப்போகிறது. எங்கள் வழக்கத்தில் வளைகாப்பு முடிந்த கையோடு பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார்கள். முதல் பிரசவம் அவர்கள் பொறுப்பு. மாசி இருபத்தாறு என்று நாளும் குறித்தாயிற்று. கயலின் ஊர் பூம்புகாருக்கு நாலு கிலோமீட்டர் முன்னால், மணல்பாங்கான ஒரு கிராமம். வீட்டைச் சுற்றிச் சவுக்குத் தோப்புகள். கயலுக்கோ ஆஸ்துமா.

இரண்டு வருடத்துக்கு முன் தஞ்சாவூரில் ஒரு டாக்டரம்மா அவள் கையில் வரிசையாக ஊசியால் குத்திச் சோதித்துப் பார்த்தார். தூசி, கரப்பான், பூனை முடி எல்லாம் பேசாமல் இருக்க, சவுக்கு மகரந்தம் வைத்த இடம் மட்டும் கொசு கடித்தது போல வீங்கிவிட்டது. அதற்கு முன்பே எங்களுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. கல்யாணமான புதிதில் ஒவ்வொரு மாசி மகத்துக்கும் ஊருக்குப் போவோம், ஒவ்வொரு முறையும் இரண்டாம் நாள் சாயங்காலம் மூச்சிரைத்துக்கொண்டு திரும்புவோம். சோதனைக்குப் பிறகு போவதையே நிறுத்திவிட்டோம். கயலின் அம்மா போனில் கேட்கும்போதெல்லாம் லீவு இல்லை, ஆடிட் வருகிறது, வண்டி சர்வீஸில் இருக்கிறது என்று நான்தான் அளந்துவிடுவேன். உண்மையைச் சொல்லக் கயல் விடவில்லை. சொன்னால் அம்மா உடனே தோப்பை வெட்டச் சொல்வாள், அது அப்பா ஆசையாக வளர்க்கிற தோப்பு என்பாள்.

இப்போது பொய் சொல்லித் தப்பிக்க முடியாது. "வயித்துல புள்ளையோட இருக்கறப்போ மூச்சுத் திணறல் கூடவே கூடாது. அந்த ஊர்ல காத்து எப்படி இருக்குன்னு முதல்ல நீங்க போய்ப் பாத்துட்டு வாங்க" என்றார் டாக்டரம்மா. அவர் எனக்கு நடத்திய பாடத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சவுக்கில் ஆண் பூக்கள் இலை நுனியில் துருப்பிடித்த நிறத்தில் வரும். நம் பக்கம் மாசி, பங்குனியில் ஒரு தடவை, ஆவணி, புரட்டாசியில் ஒரு தடவை பூக்கும். வண்டு, தேனீயை நம்பாத மரம் அது, எல்லாம் காற்றின் வேலை. பனி இருக்கும்வரை பூ நனைந்து மூடிக்கிடக்கும். வெயில் ஏறி ஈரம் காய்ந்ததும் பூந்துகள் பை வெடிக்கும். அந்த நேரம் காற்றும் கிளம்பினால் பொடி எவ்வளவு தூரமும் போகும். மழை பெய்தால் எல்லாம் கழுவிக்கொண்டு மண்ணுக்குப் போய்விடும். "ஆனா இடி மழைன்னா முதல் அரைமணி நேரம் ஜன்னலைச் சாத்திடுங்க. ஈரத்துல துகள் உப்பி வெடிச்சு இன்னும் பொடியாயிடும், அது நேரா நெஞ்சுக்குள்ள போகும்" என்றும் சொன்னார். நான் தலையாட்டிவிட்டு வந்தேன்.

காலை ஐந்து நாற்பதுக்குப் பைக்கில் கிளம்பினேன். பனிக்குப் பயந்து காதில் மப்ளர், அதன் மேல் கறுப்பு ஹெல்மெட். இந்தக் கறுப்பு ஹெல்மெட்டை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வரும். அய்யம்பேட்டை, பாபநாசம் வழியாகக் கும்பகோணம் நாற்பது கிலோமீட்டர், ஆறு ஐம்பதுக்குச் சேர்ந்தேன். பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் இரண்டு இட்லி, ஒரு பொங்கல், காபி, எண்பத்தைந்து ரூபாய். பொங்கலில் மிளகு தாராளம், நெய் இருந்தது என்று அவர்கள் சொன்னதை நம்பினேன்.

கும்பகோணத்திலிருந்து திருப்பனந்தாள் பத்தொன்பது கிலோமீட்டர். அறுவடை முடிந்துவிட்டதால் ரோட்டில் பாதியை வைக்கோல் பிடித்துக்கொண்டிருந்தது. வயல்களில் உளுந்து பச்சை கட்டியிருந்தது. கர்ப்பிணியை வைத்துக் கார் ஓட்டப்போகும் சாலை என்பதால் வேகத்தடைகளை எண்ணிக்கொண்டே போனேன். திருப்பனந்தாள் வரை முப்பத்தொன்று. அதில் ஒன்பது வெள்ளைக் கோடு அழிந்துபோனவை, தூக்கிப் போட்ட பிறகுதான் தெரியும்.

அங்கே மடத்துத் தெருவுக்கு முன்னால் ஒரு கடையில் டீ குடித்தேன், பன்னிரண்டு ரூபாய். டீ போட்டவர் என் மப்ளரைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ தூரம் சார், இந்தப் பனியில?" என்று கேட்டார்.

"பூம்புகார் பக்கம்."

"பத்து மணிக்கு மேல கிளம்பியிருக்கலாம்ல? வெயில் வந்துட்டா காத்து சுத்தமாயிடும். பனிதான் சார் நெஞ்சுல கட்டிக்கும்."

நானும் ஆமாம் என்றேன். முப்பத்தாறு வருடமாக நானும் அப்படித்தானே நம்பியிருந்தேன். மப்ளரை அவிழ்க்கவும் இல்லை.

பந்தநல்லூர், மணல்மேடு, வைத்தீஸ்வரன்கோயில், திருவெண்காடு என்று போனேன். மாயவரம் வழியாகவும் போகலாம், ஆனால் காலையில் ஊருக்குள் நெரிசல். திருவெண்காடு தாண்டியதும் மண்ணின் நிறம் மாறி, நெல் வயல் குறைந்து, சவுக்கு தொடங்குகிறது. ஒன்பது இருபதுக்கு வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினேன். என் மீட்டரில் நூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர், மொத்த வேகத்தடை அறுபத்தெட்டு.

அத்தையும் மாமாவும் வாசலிலேயே நின்றிருந்தார்கள். கயலின் அம்மா, அப்பா. அத்தை முதலில் என்னைப் பார்க்கவில்லை, என் பின்சீட்டைப் பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று மட்டும்தான் போனில் சொல்லியிருந்தேன். அதில் அவராகவே ஒரு நம்பிக்கை வைத்திருந்திருக்கிறார்.

"வாங்க மாப்ள. அவ வரலையா?"

"இந்த மாசத்துல பைக்ல எப்படி அத்தை..."

"அதுவும் சரிதான். நான் ஒருத்தி" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனார். காபி வரும்வரை எனக்கு மனசு சரியில்லை.

காபி குடித்ததும் என்னைக் கைப்பிடிக்காத குறையாகக் கிழக்கு அறைக்கு அழைத்துப் போனார்கள். கயலுக்கும் குழந்தைக்கும் என்று தயார் செய்த அறை. புது வெள்ளை அடித்திருந்தார்கள். உத்தரத்தில் தூளி கட்டப் புதுக் கொக்கி. எல்லாவற்றையும் விடப் பெரிதாக, கிழக்குச் சுவரை இடித்து வைத்த ஒரு புது ஜன்னல், நான் இரண்டு கை விரித்தாலும் எட்டாத அகலம். அதற்கு நேர் எதிரே இருபதடி தள்ளி மாமாவின் தோப்பு.

"போன வாரந்தான் கொத்தனார் வந்து வெச்சுட்டுப் போனாரு" என்றார் மாமா. "மூச்சு முட்டுற புள்ளைக்கு நல்ல காத்து வேணும்ல. மதியானம் கடக்காத்து வந்தா ஃபேனே வேணாம் மாப்ள."

நான் அந்த ஜன்னலையே பார்த்துக்கொண்டு நின்றேன். வரும் வழியெல்லாம் பேச்சை எப்படித் தொடங்குவது என்று ஒத்திகை பார்த்திருந்தேன். ஹெல்மெட்டைத் துணியால் துடைத்து, ஜன்னல் கட்டையில் வைத்துவிட்டு, தோப்பைப் பார்த்து வருகிறேன் என்று நழுவிவிட்டேன்.

இனி டாக்டரம்மா கேட்ட விவரங்கள். ஒன்பது ஐம்பது: நிழலான பக்கத்தில் இலை நுனியெல்லாம் இன்னும் பனித்துளி. ஒரு கிளையைப் பிடித்து உலுக்கினேன், தண்ணீர்தான் மேலே விழுந்தது. காற்று லேசாக மேற்கிலிருந்து, அதாவது வீட்டிலிருந்து கடலைப் பார்த்துப் போய்க்கொண்டிருந்தது. பதினொன்று பத்து: கிளை காய்ந்துவிட்டது. அதே கிளையை உலுக்கினேன், மஞ்சள் புகை மாதிரி ஒன்று கிளம்பி என் சட்டையெல்லாம் படிந்தது. காற்று அப்போது நின்றுபோயிருந்ததால் புகை அங்கேயே இறங்கியது. பன்னிரண்டு மணிக்கு மேல் கடல் காற்று கிழக்கிலிருந்து கிளம்பியது. அதன் பிறகு நான் எந்தக் கிளையையும் உலுக்க வேண்டியிருக்கவில்லை.

மதியம் வாழை இலையில் சாப்பாடு. வஞ்சிரக் குழம்பு, முருங்கைக்கீரை, மாங்காய்ப் பச்சடி. கயலுக்குப் பிடித்தவை எல்லாம், எனக்குப் பரிமாறப்பட்டன. ஒன்றே முக்காலுக்கு அத்தை கிழக்கு அறைக்குப் போய் என் ஹெல்மெட்டை எடுத்து வந்தார்.

"சாப்பாட்டுக்கு முன்னாடி பாத்தேன், பளபளன்னு இருந்துச்சு. இப்பப் பாருங்க." விரலால் ஒரு கோடு இழுத்துக் காட்டினார். கறுப்பின் மேல் மெல்லிய மஞ்சள், அதில் அவர் விரல் தடம். "இது வருஷா வருஷம் உள்ளதுதான், சவுக்குப் பொடி. இந்த மாசத்துல நான் கறுப்புத் துணியே வெளிய காயப்போட மாட்டேன்."

இதற்கு மேல் தள்ளிப்போட முடியாது. சொன்னேன். ஊசிச் சோதனை, வீங்கிய இடம், இரண்டு வருடம் நான் சொன்ன லீவு, ஆடிட், சர்வீஸ் எல்லாவற்றையும் சொன்னேன். இந்தப் பொடிதான் அவள் மூச்சை அடைக்கிறது, பனி இல்லை என்றேன்.

அத்தை ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன்.

"சின்னதுல அவளுக்கு இரைப்பு வரும்" என்றார் கடைசியில். "காலையில பனி விலகற வரைக்கும் வெளிய விடமாட்டேன். கதவு, ஜன்னல் எல்லாத்தையும் சாத்தி வெப்பேன். வெயில் நல்லா ஏறுனதும் நானே தூக்கிட்டுப் போயி அந்தத் தோப்புல பாயப் போட்டு உக்காரவெப்பேன். நல்ல காத்தும் வெயிலும் பட்டா சளி முறியும்னு. சாயங்காலம் இரைப்பு கூடும். அப்பவும் பனிதான் படுத்துதுன்னு இன்னும் சீக்கிரமா கதவச் சாத்துவேன். இத்தன வருஷமா நானேதான் அவளுக்கு..."

தேறுதல் சொல்லத் தெரியாதவன் நான். "யாருக்குமே தெரியாது அத்தை, காலையில திருப்பனந்தாள்ல டீக்கடைக்காரர்கூட இதையேதான் சொன்னாரு, நானும் மப்ளர் கட்டிட்டுத்தான் வந்தேன்" என்றேன். அவருக்கு அது காதில் விழுந்ததா என்று தெரியவில்லை.

மாமா எழுந்து நின்றார். "நாளைக்கே ஆள விட்டு வெட்டிடுறேன்." போன தடவை வெட்டிவிட்டு மறுபடி நட்ட மூன்று வருட மரம், இன்னும் ஒன்றரை வருடமாவது நிற்க வேண்டியது. நெல் வராத மணலில் அவர் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி எடுத்த தோப்பு அது.

அத்தை நிமிர்ந்து பார்த்தார். "நம்ம தோப்ப வெட்டிட்டா? அடுத்தது வாத்தியார் வீட்டுத் தோப்பு. அதுக்கு அந்தாண்ட கடல் வரைக்கும் சவுக்குதான். காத்து யாரு வீட்டுத் தோப்புன்னு பாத்தா வருது? உக்காருங்க நீங்க."

பிறகு என் போனை வாங்கிக் கயலிடம் பேசினார். ஸ்பீக்கரில் இருந்ததால் நானும் கேட்டேன்.

"ஏன்டி எங்கிட்ட சொல்லல?"

"சொன்னா நீ அழுவ. அப்பா தோப்ப வெட்டுவாரு."

"நீ வராம இருந்தா மட்டும் நான் சிரிச்சுக்கிட்டு இருந்தேனா? எங்க வீடு உனக்குப் பத்தாமப் போச்சுன்னு நெனச்சேன்டி."

அந்தப் பக்கம் கயல் அழுவது கேட்டது. நான் எழுந்து வாசலுக்குப் போய்விட்டேன்.

நாலே காலுக்குக் கிளம்பினேன். பிரசவம் எங்கே என்று ஒரு முடிவும் ஆகவில்லை. முதல் பிரசவத்தைப் புருஷன் வீட்டிலேயே வைத்துக்கொண்டால் ஊரில் நாலு பேர் நாலு விதமாகப் பேசுவார்கள், அத்தையால் அதைத் தாங்க முடியாது என்று எனக்குத் தெரியும். மாமா வாசல் வரை வந்து, "பாத்துப் போங்க மாப்ள" என்றார். வழக்கமாகத் தரும் முருங்கைக்காய்க் கட்டைத் தர மறந்துவிட்டார். இரவு எட்டு மணிக்குத் தஞ்சாவூர். போக வரப் பெட்ரோல் ஐந்நூற்று முப்பது ரூபாய்.

அடுத்த வியாழக்கிழமை காலை ஏழு மணிக்கு எங்கள் வாசலில் ஒரு குட்டியானை வண்டி நின்றது. டிரைவருக்குப் பக்கத்தில் அத்தை. பின்னால் மாமா, ஒரு கட்டில், இரண்டு சிப்பம் அரிசி, கிரைண்டர், குத்துவிளக்கு, அஞ்சறைப்பெட்டி. எங்களுக்குத் தெரியாமல் அத்தை, கயலின் சித்தப்பா மகனை வைத்து எங்கள் பின்தெருவில் ஒரு கீழ்வீட்டை நாலு மாத வாடகைக்குப் பேசி முடித்திருந்தார்.

"வீடு இங்க வந்துருச்சு மாப்ள. இனி எம்பொண்ண எங்க வீட்டுக்குத்தான் அனுப்பணும், ஒங்க வீட்டுல வெச்சுக்கக் கூடாது" என்றார். குரலில் ஒரு மிடுக்கு இருந்தது.

வளைகாப்பு குறித்த நாளில் நடந்தது. முடிந்ததும் பின்தெருவுக்கு நடந்தே போய்விடலாம் என்று நான் சொல்லிப் பார்த்தேன். வளையல் அடுக்கிய பெண் தாய்வீட்டுக்கு நடந்தா வருவாள் என்று கேட்டு, அத்தை கால் டாக்ஸி வரவழைத்தார். டிரைவர் இறங்கும் இடத்தைப் போனில் பார்த்துவிட்டு, "சார், இது அடுத்த தெருதானே?" என்று இரண்டு முறை கேட்டார். "ஆமாங்க, தாய்வீட்டுக்குப் போறாங்க" என்றேன். அவர் ஒன்றும் புரியாமல் மிக மெதுவாக ஓட்டினார். முன்னூற்றைம்பது மீட்டர், மூன்று நிமிடம், நூறு ரூபாய், வேகத்தடை ஒன்று. நான் எழுதிய பயணங்களிலேயே மிகச் சிறியது இதுதான்.

இனி உங்களுக்கு. ஆஸ்துமா உள்ளவர்களோடு கடலோர டெல்டாவுக்குப் போவதென்றால் மாசி, பங்குனி, ஆவணி, புரட்டாசியைத் தவிருங்கள். தவிர்க்க முடியாதென்றால் விடிகாலையில் சேர்ந்து பத்து மணிக்குள் சுற்றிப் பார்த்துவிடுங்கள். மதியம் கடல் காற்று கிளம்பியதும் கிழக்கு ஜன்னலைச் சாத்திக்கொண்டு வீட்டுக்குள் இருங்கள், மாலையில் வந்ததும் தலைக்குக் குளித்து உடை மாற்றுங்கள். எல்லோரும் டிக்கெட்டை ரத்து செய்கிற ஐப்பசி அடைமழைதான் உங்களுக்கு நல்ல காலம். இன்ஹேலரைப் பையில் மேலாக வையுங்கள். குளிர்ந்த காற்றே ஒத்துக்கொள்ளாதவர்களும் உண்டு, அதனால் சொந்த வைத்தியத்தை நம்பாமல் டாக்டரிடம் கேட்டுக்கொள்ளுங்கள். முக்கியமாக, வர முடியாததற்குக் காரணத்தை அந்த வீட்டாரிடம் சொல்லிவிடுங்கள். நான் சொன்ன லீவும் ஆடிட்டும் அந்த அம்மாவை இரண்டு வருடம் வாட்டியிருக்கின்றன. அதற்கு இன்றுவரை என்னால் சமாதானம் சொல்ல முடியவில்லை.

தஞ்சாவூரிலும் மரங்கள் இல்லாமல் இல்லை, காற்றும் நிற்காது. ஆனாலும் பங்குனி முழுக்கக் கயல் ஒரு நாள்கூட மூச்சுத் திணறி ஆஸ்பத்திரிக்கு ஓடவில்லை. சித்திரையில் பெண் குழந்தை பிறந்தது. ஐப்பசியில் அவளை ஊருக்கு அழைத்துப் போவதாக மாமாவிடம் சொல்லியிருக்கிறேன். அந்த ஜன்னலை அடைக்க வேண்டாம் என்றும் சொன்னேன்.

வளைகாப்புக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பால் பாக்கெட் கொடுக்கப் பின்தெருவுக்குப் போயிருந்தேன். தெருவில் நல்ல பனி. அத்தை எல்லா ஜன்னல்களையும் விரியத் திறந்து வைத்திருந்தார். ஜன்னலோரக் கட்டிலில் கயல் வாயை மூடி, சத்தமில்லாமல் மூச்சுவிட்டுத் தூங்கிக்கொண்டிருந்தாள். பக்கத்தில் நாற்காலி போட்டு அவள் மூச்சையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்த அத்தை மட்டும், இரண்டு காதையும் மூடித் தலையில் துண்டு கட்டியிருந்தார்.